கிளாரினெட் யாருடையது

5 அக்டோபர் 2024, சனி

சிக்கந்தர் வீட்டு மாடியில் மூவரும் கூடினோம். முறை வழக்கமானதுதான். ஒருவர் ஒரு ரெக்கார்டு கொண்டுவருவார். இரண்டு பக்கமும் ஓடி முடியும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. அப்புறம் எந்த மெட்டு எங்கிருந்து வந்தது என்று சண்டை. சண்டையை சிக்கந்தர் செல்போனில் பதிவு செய்து யூடியூபில் போடுவார். அதற்கு முன் ஆண்டு, பெயர், ஊர் எல்லாவற்றையும் நான் சரிபார்ப்பேன். நிருபராகவே தலை நரைத்தவளுக்கு இவர்கள் கொடுத்த வேலை அது.

இன்று சத்தியசீலனின் முறை. 'ஒலிவக் கிளையின் கீழ்', 1976. அவருடைய கத்தோலிக்கப் பங்குக் கோயிலின் பாடகர் குழு வெளியிட்ட ஒரே ரெக்கார்டு. நடுவில் பாட்டே இல்லாமல் மூன்று நிமிடம் கிளாரினெட் மட்டும் வருகிறது. மெட்டமைத்து வாசித்தவர் அவருடைய அப்பா சவரிமுத்து; பேண்டு செட்டில் வாசித்துக் குடும்பம் நடத்தியவர். இப்போது அந்தப் பாடகர் குழுவுக்கு சத்தியசீலன்தான் தலைவர். குழு தொடங்கி ஐம்பது வருடம்; நவம்பர் 24 பொன்விழா. அன்று பூசை முடிவில் அந்த இசையைப் புதிதாக வாசிக்கப் போகிறார்கள். கோயில் மைக்கில் அப்பா பெயரைச் சொல்லப்போவது இதுதான் முதல் தடவை என்றார். அதைச் சொல்லும்போது ரெக்கார்டு உறையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

கிளாரினெட் ஆரம்பித்ததும் சிக்கந்தர் விதியை மீறினார். "இது எங்க ஊட்டு மெட்டுங்க!"

உள்ளே போய் ஒரு கேசட்டோடு வந்தார். ஆமினா பீவி குழுவினரின் 'கோட்டைமேட்டுக் கல்யாணப் பாட்டுகள்'. ரெக்கார்டிலிருந்து பதிந்த கேசட்; ரெக்கார்டு வந்தது 1971. முதல் பக்கத்தின் கடைசியில் அதே மெட்டு வந்தது. வேகம் அதிகம், சுருதி உயரம், ஒரே இரைச்சல். ஷெனாய் என்றார். எனக்கும் அப்படித்தான் கேட்டது.

"உங்கப்பா மூச்சு விடற எடம் மொதக்கொண்டு எடுத்துப்போட்டாருங்க" என்று சிரித்தார். சத்தியசீலன் சிரிக்கவில்லை.

நான் பார்க்கும்வரை இதைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

7 அக்டோபர்

போட்டுவிட்டார். தலைப்பு: 'பூசைக்குப் போன நிக்காஹ் மெட்டு'. போனில் கத்தினேன். "ஏனுங்க புவனாக்கா, நீங்க செக் பண்ணி முடிக்கறதுக்குள்ள கிறிஸ்மஸ் வந்துருங்க" என்கிறார்.

12 அக்டோபர், சனி

சத்தியசீலன் வரவில்லை. நாங்கள் சினிமா ரெக்கார்டுகளைப் பற்றி மாய்ந்து மாய்ந்து பேசியதையெல்லாம் நூறு பேர்கூடப் பார்த்ததில்லை. இதை நாற்பதாயிரம் பேர் பார்த்திருக்கிறார்கள். கீழே எழுதியிருப்பதைப் படிக்க முடியவில்லை. திருட்டு என்ற சொல்லைத்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். ஒரு மதத்துக்காரன் இன்னொரு மதத்தைத் திட்ட எங்கள் மாடி இடம் கொடுத்துவிட்டது.

வீடியோவை எடுங்கள் என்றேன். "உண்மையத்தானுங்க சொன்னோம்? உங்க பேப்பர்ல உண்மைய எடுப்பீங்களா?"

என் ஆயுதத்தை என் மேலேயே வீசுகிறார். எரிச்சல்.

17 அக்டோபர்

சத்தியசீலன் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி லின்சி காபி கொடுத்துவிட்டு அங்கேயே நின்றாள். கோயில் நிர்வாகம் பார்க்கும் பங்குப் பேரவையின் செயலாளர் வீடியோவைப் பார்த்துவிட்டாராம். சந்தேகம் தீரும்வரை கிளாரினெட் வேண்டாம், பொன்விழாவில் வம்பு எதற்கு என்றாராம்.

"எங்கப்பா எழவு ஊட்லயும் கல்யாண ஊட்லயும் அடுத்தவங்க பாட்டத்தான் வாசிச்சாருங்க்கா. வயித்துப் பாட்டுக்கு. சொந்தமா செஞ்சது இது ஒண்ணுதான்" என்றார் சத்தியசீலன். "அதையும் சிக்கந்தர் வாயால திருட்டுன்னு ஆக்கிப்போட்டாங்க."

"நீங்க பக்கத்துல உக்காந்துட்டு என்ன பண்ணுனீங்க அக்கா?" என்று லின்சி கேட்டாள்.

என்ன பண்ணினேன்? ஆண்டைக் குறித்துக்கொண்டேன்.

26 அக்டோபர், சனி

ஆமினா பீவியின் ரெக்கார்டு கோவையில் யாரிடமும் இல்லை. உக்கடத்தில் ஒருவர் தன்னிடம் இருக்கிறது என்றார், போனால் வெறும் உறை. அதன் பின்னால், ரெக்கார்டின் பக்கத்துக்கு ஆறு பாட்டு என்று அச்சிட்டிருக்கிறது. ஷெனாய் பற்றி ஒரு வரி இல்லை. வாத்தியக்காரர்களின் பெயரை உறையில் போடாத காலம் என்று சிக்கந்தர் அடித்துப் பேசுகிறார். "காது பொய் சொல்லுங்களா?"

பாடியவரின் மகள் ரூபினா தாராபுரத்தில் இருக்கிறார் என்று மட்டும் தெரிந்தது.

30 அக்டோபர்

ரூபினா போனை எடுப்பதில்லை. சத்தியசீலன் என் போனை எடுப்பதில்லை. சிக்கந்தர் போனை நான் எடுப்பதில்லை.

3 நவம்பர், ஞாயிறு

சிங்காநல்லூரில் பஸ் ஏறி, சொல்லாமல் கொள்ளாமல் தாராபுரம் போய் நின்றேன். ரூபினா ஓய்வுபெற்ற ஆசிரியை. தெரியாத நம்பரை எடுப்பதில்லையாம், அவ்வளவுதான். ரெக்கார்டை வெளியே கொடுக்க மாட்டேன், இங்கேயே கேளுங்கள் என்றார். பிளேயர் வைத்திருக்கிறார்.

முதல் பக்கம் முழுக்கக் கேட்டேன். தப்லா, டோலக், ஆறு பெண்களின் குரல். ஆறாவது பாட்டு முடிந்தது. ஊசி நடுவே போய்ச் சுற்றிக்கொண்டிருந்தது. ஷெனாய் இல்லை. திருப்பிப் போடச் சொன்னேன். மறுபக்கத்திலும் இல்லை.

"பாட்டில்லாத வெறும் மியூசிக்கா? எங்கம்மா ரெக்கார்டுலயா?" ரூபினாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "மத்தவங்கள வாசிக்க உட்டுப்போட்டு மூணு நிமிசம் அவங்க சும்மா இருந்திருப்பாங்களாக்கும்!"

அப்படியானால் கேசட்டில் இருப்பது என்ன? பஸ்ஸில் பல்லடம் தாண்டும்வரை அதையே யோசித்தேன். மூச்சு விடும் இடம்கூட ஒன்றாக எப்படி இருக்கும்? இரண்டு பேர் வாசித்தால் இருக்காது. வாசித்தது ஒரே ஆள்.

4 நவம்பர்

சிக்கந்தரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். அந்தக் கேசட்டைப் பதிந்தது யார்?

"நாந்தானுங்க. எங்க கடையில, எங்கம்மாவுக்காக, எம்பத்தொம்பதுல." அப்போது அவர் ரெக்கார்டிங் கடை வைத்திருந்தார். ரெக்கார்டு கொண்டுவந்து கொடுத்தால் கேசட்டில் பதிந்து தருவார்.

ரெக்கார்டில் அந்த இசை இல்லை என்றேன். கேசட்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"கடைசில டேப்பு மிச்சம் இருந்தா, எதாச்சும் மியூசிக் பிட்டு ஒண்ணப் போட்டு அடைப்போமுங்க. வெத்து டேப்பா உட்டா கஸ்டமர் சண்டைக்கு வருவாங்க. கையில எது கெடக்குதோ அது. கோயில்காரங்களும் ரெக்கார்டு கொண்டாந்து குடுப்பாங்க... மூணு நிமிச மியூசிக்க ரெண்டரை நிமிச டேப்புல அடைக்கோணும்னா, பிளேயர்ல வேகத்தக் கொஞ்சம் கூட்டிருவோம்."

வேகம் கூடினால் சுருதி ஏறும். கிளாரினெட் ஷெனாய் ஆகிவிடும். அவர் அம்மா இருந்தவரை தினமும் அந்தக் கேசட்டைப் போட்டாராம். ஆமினா பீவி பாடி முடித்தால் அந்த இசை வரும் என்று சிக்கந்தரின் காது பழகிவிட்டது. ஒட்டியது தன் கை என்பது மறந்துவிட்டது.

"சத்தியன் மொகத்துல எப்புடி முழிக்கறதுங்க்கா?"

எனக்குப் பாவமாக இல்லை. கோபம்தான். ஒரு மாதம் பொறுத்திருந்தால் என்ன கேடு?

9 நவம்பர், சனி

பழைய வீடியோவை எடுத்துவிட்டு, சிக்கந்தர் தனியாக உட்கார்ந்து நடந்ததைப் பேசிப் போட்டார். மழுப்பவில்லை. சவரிமுத்து பெயரைச் சொன்னார், கேசட்டைக் காட்டினார், மன்னிப்புக் கேட்டார். மாலைவரை எண்பத்தாறு பேர் பார்த்தார்கள். திருட்டு என்று எழுதியவர்களில் ஒருவர்கூட வந்து எட்டிப் பார்க்கவில்லை.

பேரவைச் செயலாளரிடம் நானே பேசினேன். "சந்தோசமுங்க. ஆனா பூசைப் புத்தகம் அச்சுக்குப் போயிருச்சுங்களே. அடுத்த வருசம் பாத்துக்கலாமுங்க."

அடுத்த வருடம் எந்தப் பொன்விழா?

24 நவம்பர், ஞாயிறு

போனேன். சத்தியசீலன் வெள்ளைச் சட்டையில் நின்று குழுவை நடத்தினார். பிசகில்லாமல் பாடினார்கள். செயலாளர் நன்றியுரையில் பந்தல்காரர், மைக்செட்காரர் பெயரெல்லாம் வந்தது. சவரிமுத்து பெயர் வரவில்லை. பூசை முடிந்தது, கிளாரினெட் இல்லை.

வெளியே வரும்போதுதான் பார்த்தேன். கடைசி பெஞ்சில் தொப்பியைக் கையில் மடித்துப் பிடித்தபடி சிக்கந்தர். கூட்டம் கலைந்த பிறகும் எழவில்லை. சத்தியசீலன் ஆர்மோனியப் பெட்டியை மூடிவிட்டு அந்தப் பெஞ்சைத் தாண்டித்தான் போனார். நிற்கவில்லை.

30 நவம்பர், சனி

மாடியில் நானும் சிக்கந்தரும் மட்டும். ரெக்கார்டு போடவில்லை. டீ குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

7 டிசம்பர், சனி

சத்தியசீலன் வந்தார். நான் கூப்பிடவில்லை. சிக்கந்தருக்குக் கூப்பிடும் தைரியம் கிடையாது.

வந்தவர் சிக்கந்தர் பக்கம் திரும்பவே இல்லை. எல்லாம் என் வழியாக. "அக்கா, இன்னைக்கு என்ன ரெக்கார்டுன்னு கேளுங்க." சிக்கந்தரின் பதிலும் அப்படியே: "அக்கா, ஒரு நாடகக் கம்பெனிப் பாட்டு ரெக்கார்டுன்னு சொல்லுங்க." நடுவில் உட்கார்ந்து நான் என்ன தபால் பட்டுவாடாவா செய்கிறேன்? எழுந்து போய்விடலாம் என்றிருந்தது. போகவில்லை.

முதல் பக்கம் ஓடியது. மூன்றாவது பாட்டில் பின்னால் யாரோ புல்லாங்குழல் வாசிக்கிறார்கள், யார் என்று உறையில் இல்லை. அந்த இடத்தில் சத்தியசீலன் கண்ணை மூடி, தலையைச் சாய்த்தார். பாட்டு முடிவதற்குள் விதியை மீறினார்.

"ஏனுங்க சிக்கந்தர், அந்த எடத்த இன்னொருக்கா வைங்க."

சிக்கந்தர் ஊசியைத் தூக்கினார். இரண்டு தடவை தவறிப்போய், மூன்றாவது தடவைதான் சரியான இடத்தில் வைத்தார்.