மாப்பிள்ளை பார்க்க வந்த பெண்

மன்னார்குடி,
தை 20.

அன்பு மகள் எழில்மொழிக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் தம்பியும் நலம். அந்தக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சம்பா அறுப்பு முடிந்தது. கடைசி மழையில் பள்ளத்து வயல் மட்டும் சாய்ந்துவிட்டது. நம் பள்ளிக்கூடத்தில் இந்த வருஷம் ஒன்றாம் வகுப்புக்கு மூன்றே பிள்ளைகள். பெண்கள் படித்ததுதான் காரணம் என்று டீக்கடையில் பேச்சாம். பெற்றால் வளர்ப்பது யார் என்று அங்கே ஒருவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

இனி முக்கியமான செய்தி. விவசாயம் பார்க்கிறவன் என்று தம்பி அறிவுச்செல்வனுக்கு எல்லா இடமும் தட்டிப்போனது உனக்குத் தெரியும். போன ஞாயிற்றுக்கிழமை ஒரத்தநாட்டிலிருந்து பிரதீபா என்ற பெண், அவள் அப்பா பஞ்சநதத்தோடு நம் வீட்டுக்கே வந்தாள். அவள் மாட்டு டாக்டர். தாய் இல்லை, ஒரே பிள்ளை. காபியைக் குடித்துவிட்டு நேராகவே பேசினாள். “நான் எங்க இருந்தாலும் எங்கப்பா என்கூடத்தான் இருப்பாங்க. வேலையை விடமாட்டேன். குழந்தை எப்ப, வேணுமா வேணாமான்னு நாங்க ரெண்டு பேரும் பேசிக்குவோம். வேற யாரும் கேக்கக் கூடாது.”

உன் அப்பாவுக்கு முகம் மாறிவிட்டது. “பொண்ணு குடுக்க வந்தீங்களா, சட்டம் போட வந்தீங்களா?” என்று எழுந்துவிட்டார். பஞ்சநதம் பாவம், செருப்பைத் தேடினார்.

“உக்காருங்க,” என்றேன் நான். “தம்பி பொறந்தப்ப என் டீச்சர் வேலையை விடச் சொன்னீங்க. என்னை யாரும் ஒரு வார்த்தை கேக்கல. இந்தப் பொண்ணு முன்னாடியே சொல்லிடுது. நல்லதுதானே?” நாலு பேர் முன்னால் நான் அவரை எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை.

தம்பி அவளிடம், “எங்கப்பா அம்மா இருக்கிற வீட்ல உங்கப்பா இருந்தா என்ன? ஆனா எனக்குச் சோறும் ரசமும்தான் வைக்கத் தெரியும்,” என்றான். தனக்கு அதுவும் தெரியாது என்று அவள் சிரித்துவிட்டாள்.

அப்புறம் சில நாள் அப்பா என்னோடு பேசவில்லை. நேற்றுக் காலையில் கொத்தனாரைக் கூட்டிவந்து, கிழக்கு அறையை ஒட்டிக் குளியலறை கட்ட அளவு எடுக்கச் சொன்னார். அந்த வயசான மனுஷரால் கொல்லைக்கு நடக்க முடியுமா என்று கொத்தனாரிடம்தான் சொன்னார். எனக்கும் கேட்டது.

வைகாசியில் கல்யாணம். சில வருஷமாகப் பொங்கலுக்குக்கூட நீ வராதது ஏன் என்று எனக்குத் தெரியாமல் இல்லை, கண்ணு. குழந்தை எப்போது என்ற அந்தக் கேள்வியை இந்த வீட்டில் இனி யாரும் கேட்கமாட்டார்கள். நானும்தான். அத்தைமார்களை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ வந்து நின்றால் போதும்.

இருவரும் மனம் நிறைந்து வாழ வேண்டும்.

உன்னைக் காண ஏங்கும்
அம்மா அகிலாண்டம்