முதல் வாய்ச் சோறு

கொட்டாஞ்சேனை,
ஞாயிறு.

அன்பின் அத்தானுக்கு,

ரதி எழுதுகிறேன். மகளுக்கு முன்பல் ஒன்று விழுந்துவிட்டது. மற்றபடி நாங்கள் சுகம். புனர்வாழ்வு முகாமில் உங்களுக்கு நித்திரை வருகிறதா? கை நடுக்கம் நின்றதா? செவ்வாய்தோறும் கொச்சிக்கடை அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்துகிறேன்.

உங்கள் கடிதம் கிடைத்தது. முகாமிலிருந்து விட்டதும் ஹட்டனில் அண்ணன் வீட்டோடு இருந்துவிடுவேன், நம் சந்தில் எந்த முகத்தோடு நடப்பது, நீ உன் வாழ்க்கையைப் பார் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அதற்குப் பதிலைக் கடைசியில் சொல்கிறேன்.

போன கிழமை நம் சந்துக்குப் படம் எடுக்க வந்தார்கள். போதைத்தூள் வியாபாரத்தைப் பற்றிய படமாம். அதில் தூள் விற்கிறவன் வெள்ளைக் காரில் வருகிறான். கண்ணாடி உடைந்த த்ரீவீலில் பொட்டலம் கொண்டுபோய், தானும் இழுத்து, மாட்டிக்கொண்ட உங்களை வைத்து யார் படம் எடுப்பார்கள்? சிரிக்காதீர்கள்.

ரிமாண்டில் இருக்கும் புருஷனுக்குச் சோறு கொண்டுபோகிற பெண்ணாக நடிக்க ஒருத்தி வேண்டுமென்றார்கள். பக்கத்து வீட்டு இமெல்டா அக்கா, ரதிக்குப் பழகின வேலைதானே என்று என்னைத் தள்ளிவிட்டார். பார்சலைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டு அழு என்றார் டைரக்டர். நானோ பார்சலைப் பிரித்து ஒரு வாய் அள்ளித் தின்றுவிட்டுத்தான் நீட்டினேன். டைரக்டர் கட் சொல்லிவிட்டு, ஏன் நங்கி, பசியா என்று தங்கச்சியிடம் கேட்பதுபோல் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நீங்கள் ரிமாண்டில் இருந்தபோது அந்த வாசலில் தினமும் அப்படித்தானே செய்தேன்? சோற்றில் எதுவும் கலக்கவில்லை என்று காட்ட நான்தான் முதலில் சாப்பிட வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து உங்களுக்கு முன்னால் ஒரு பருக்கை வாயில் வைக்காதவள், உங்கள் சோற்றை எச்சிலாக்கி உள்ளே அனுப்பினேன். உங்களுக்கும் அது தெரியும். நாம் ஒருநாளும் அதைப் பற்றிக் கதைத்ததில்லை.

இரண்டாம் தடவை என்னை யாரும் அழச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சிரித்த சனமெல்லாம் என் கிட்டே வந்து நின்றது. இமெல்டா அக்கா என் கண்ணைத் துடைத்துவிட்டு, அவன் எப்ப வாறான் பிள்ளை என்று கேட்டார். இந்தச் சந்தில் நடக்க வேறென்ன முகம் வேண்டும் உங்களுக்கு?

ஹட்டனுக்குப் போக வேண்டாம், அத்தான். வீட்டுக்கு வாருங்கள். நெத்தலி பொரித்து, பருப்பு வைத்து, உப்புக்கூடப் பார்க்காமல் தட்டில் போடுகிறேன். முதல் வாயை நீங்கள் சாப்பிட வேண்டும். நான் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும்.

பசியோடு காத்திருக்கும்,
ரதி