பதினோராம் பிரிவின் இரண்டாம் வாக்கியம்

வுப்பர்டால்,
19 ஜனவரி 2026

அன்புள்ள மகன் மிதுஷனுக்கு,

அம்மாவும் நானும் நலமாக இருக்கிறோம். கடிதத்துக்கு ஒரு முதல் வரி வேண்டும் என்பதற்காக இதை எழுதவில்லை. அம்மாவின் இரத்த அழுத்தத்தை நேற்றுக் காலை அளந்தோம், 130க்கு 80. பேர்லின் நொய்கெல்னில் உன் அறையின் வெப்பமூட்டியைத் திருத்திவிட்டார்கள் என்று அம்மாவிடம் சொன்னாயாம். நல்லது. என்னிடம் நீ எதுவும் சொல்லவில்லை. ஆகவே நான் அறிந்தவற்றை, அறிந்த ஒழுங்கிலேயே எழுதுகிறேன்.

சென்ற செவ்வாய்க்கிழமை, 13ஆம் திகதி, நம் பேஸ்போல் கழகத்தின் அஞ்சல் பெட்டியைத் திறந்தேன். மூன்று உறைகள் இருந்தன. ஒன்று மைதானத்தின் தண்ணீர்க் கட்டணம், மற்றொன்று புல்வெட்டி விளம்பரம். மூன்றாவது, பேர்லினிலுள்ள ஒரு பேஸ்போல் கழகம் அனுப்பிய விடுவிப்புப் படிவம். உன் பெயர், உன் கையொப்பம். அதன் கீழே, பழைய கழகத்தின் சம்மதத்துக்காகச் செயலாளர் கையொப்பமிட வேண்டிய வெற்றுக் கோடு. அந்தச் செயலாளர் நான். படிவத்தில் பெறுகைத் திகதி முத்திரையைக் குத்திய பிறகே பெயரை இரண்டாம் முறை வாசித்தேன்.

வேலைக்காகப் பேர்லின் போவதாகத்தான் டிசம்பரில் கூறினாய். "வேலைதான் அப்பா, வேற ஒண்டுமில்லை" என்றாய். உன் பெரிய பெட்டியைத் தொங்கு ரயில் நிலையம் வரை நான்தான் இழுத்துவந்தேன். பன்னிரண்டு நிமிடம் ஒன்றாக நடந்தோம். அந்தப் பன்னிரண்டு நிமிடத்துக்குள் சொல்லியிருக்கலாம். கழகத்தின் உபகரணப் பதிவைப் புரட்டினேன். சீருடை இரண்டையும் நவம்பர் 28ஆம் திகதியே, தோய்த்து மடித்துத் திருப்பியிருக்கிறாய். அப்போதே முடிவெடுத்துவிட்டாய். உன்மேல் எனக்குக் கோபம். அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். மற்றவர்கள்மேல் உள்ள கோபத்தோடு அது கலந்துவிடக் கூடாது.

படிவத்தை அம்மாவிடம் காட்டினேன். கையைத் துடைத்துவிட்டு வாங்கி, கடைசி வரி வரை வாசித்தார். "இஞ்சாருங்கோ, அவன் செயலாளருக்குத்தான் அனுப்பியிருக்கிறான், தகப்பனுக்கு இல்லை. ஏனெண்டு யோசிச்சுப் பாருங்கோ" என்றார். நான் மறுமொழி சொல்வதற்குள் மிக்சியைப் போட்டுவிட்டார்.

யோசித்தேன். எங்கு தொடங்கினாலும் நவம்பர் 20ஆம் திகதி நிர்வாகக் குழுக் கூட்டத்தில்தான் வந்து முடிகிறது. அன்று நடந்ததை நீ பிறர் வாயால் அறிந்திருப்பாய். குறிப்பு எழுதும் பொறுப்பு உள்ளவன் நான். என்னிடமிருந்தும் ஒருமுறை கேள்.

குளிர்காலத்தில் ஒரு கழகம் யாரைச் சேர்க்கிறது, யாரைப் போகவிடுகிறது என்பதைப் பார்த்தாலே அது எவ்வாறு நடத்தப்படுகிறது என்று தெரிந்துவிடும். சென்ற பருவத்தில் நாம் பதினொரு ஆட்டங்களில் தோற்றோம். அவற்றில் ஏழு, வெளிமைதானத்தில் பந்தைத் தவறவிட்டதால் தோற்றவை. ஸ்கோர் புத்தகம் என் கையெழுத்தில் இருக்கிறது. யாரும் எடுத்துப் பார்க்கலாம். ஆகவே நமக்கு வேண்டியிருந்தவர்கள் ஓடிப் பிடிக்கத் தெரிந்த இருவர். பந்தடிப்பவர் நிற்கும் தளத்தின் பின்னால் இரண்டு வருடமாகக் கயிற்றால் கட்டிவைத்திருக்கும் வலைக்குப் பதிலாகப் புது வலை ஒன்றும் வேண்டியிருந்தது. தலைவர் திரு. ஹெல்ம்கே கொண்டுவந்தது என்ன? மூன்று நிமிடக் காணொளி. அதில் ஓர் அமெரிக்கப் பந்துவீச்சாளர், வயது முப்பத்துநான்கு, முழங்கையில் அறுவைச் சிகிச்சை செய்தவர். அவருக்கு விமானச் சீட்டு, வீடு, ஒரு பழைய கார். நம்மிடம் குறையாமல் இருந்தது பந்துவீச்சு ஒன்றுதான். அதையே போய் வாங்கினார்கள்.

அமெரிக்கரைச் சேர்ப்பதென்றால் முதல் அணியில் ஓர் இடம் காலியாக வேண்டும். நீயோ, பொருளாளர் விமலநாதன் அண்ணையின் மகன் தாரகனோ இரண்டாம் அணிக்கு இறங்க வேண்டும். நீ சென்ற பருவத்தில் 68 இன்னிங்ஸ் வீசி, எதிரணியினர் பதினைந்து பேருக்கு மட்டுமே, குறி தவறி வீசி, முதல் தளத்தைச் சும்மா கொடுத்தாய். தாரகன் 31 இன்னிங்ஸில் இருபத்தொன்பது பேருக்குக் கொடுத்தான். தாரகன் நல்ல பிள்ளை. அவன்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. எண்களைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

நிகழ்ச்சி நிரலில் ஆறாம் விடயமாக இது வந்தபோது நான் எழுந்தேன். நெருங்கிய உறவினரைப் பற்றிய விடயமானால் உறுப்பினர் வெளியேற வேண்டும் என்பது கழகத்தின் விதிகள் அடங்கிய யாப்பின் பதினோராம் பிரிவு. பேனையை மூடி, பையை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். விமலநாதன் அண்ணையும் எழுவார் என்று கதவருகே ஒரு கணம் நின்று பார்த்தேன். அவர் பிஸ்கட் எடுத்துக்கொண்டிருந்தார்.

இருபத்திரண்டு நிமிடம் கோப்பி இயந்திரத்தின் அருகே நின்றேன். அந்தக் கதவு மெல்லியது. உன் தோள் இன்னும் குணமாகவில்லை என்றும், அடுத்த பருவத்தில் உன்னை நம்ப முடியாது என்றும் விமலநாதன் அண்ணை சொன்னது தெளிவாகக் கேட்டது. உன் தோள் முழுச் சுமையும் தாங்கும் என்று ஒக்டோபரில் மருத்துவர் எழுதிக் கொடுத்த சான்றிதழ், என் கால்களுக்கிடையில் இருந்த பையில், ஒளிபுகும் உறையில் இருந்தது. நான் கதவைத் தட்டவில்லை.

ஆறு பேர் வாக்களித்தார்கள். மூன்றுக்கு மூன்று. தலைவரின் தீர்மான வாக்கால் நீ இறக்கப்பட்டாய்.

வாகனத் தரிப்பிடத்தில் விமலநாதன் அண்ணையை மறித்துக் கேட்டேன். கார்க் கதவைத் திறந்தபடியே, "உம்மை ஆர் எழும்பிப் போகச் சொன்னது? என்ர பிள்ளைக்காக நான் இருந்தனான். உம்மட யாப்பு வந்து பந்து எறியுமோ?" என்றார். வீடு வந்து சேரும்வரை அதற்குப் பதில் தேடினேன். யாப்பை மீறியவர் அவர், நான் அல்லன் என்ற பதில் கிடைத்தது. அது எனக்குப் போதுமாக இருந்தது. உனக்குப் போதவில்லை. அன்று நீ கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அப்பா, நீங்கள் உள்ளுக்கு இருந்தனீங்களோ?" இல்லை, விதிப்படி வெளியே நின்றேன் என்றேன். "ஓம், தெரியும்" என்று சொல்லிவிட்டு உன் அறைக்குள் போனாய்.

அதன் பின் நடந்தது உனக்குத் தெரிந்திருக்காது. டிசம்பர் 5ஆம் திகதி அமெரிக்கரின் படத்தைக் கழகத்தின் இணையத்தளத்தில் போட்டார்கள். ஜனவரி 9ஆம் திகதி அவர் இரண்டு வரி எழுதினார்: வேறு நாட்டில் ஒரு கழகம் அழைத்திருக்கிறது, மன்னிக்கவும். படத்தை எடுத்துவிட்டார்கள். அந்த இடம் இன்னும் வெறுமையாகக் கிடக்கிறது.

சனிக்கிழமை திரு. ஹெல்ம்கே தொலைபேசியில் அழைத்தார். படிவத்துக்குப் பதில் அனுப்பக் கழகத்துக்கு மூன்று கிழமை உரிமை உண்டு என்றார். மூன்று கிழமை என்றால் பெப்ரவரி 3. வீரர்கள் கழகம் மாறும் காலம் ஜனவரி 31உடன் முடிகிறது. அவசரப்படவேண்டாம், பையன் இந்தப் பருவத்தை நம்மோடு விளையாடட்டும், வார இறுதிகளில் ரயிலில் வந்து போகலாமே என்றார். விதிகளை உங்களைவிட நன்றாக அறிந்தவர் யார் என்று சிரிக்கவும் செய்தார். ஒரு விதியும் மீறப்படவில்லை என்பதுதான் எனக்கு அருவருப்பாக இருந்தது. உன்னைத் தூக்கி எறிந்த கையால் இப்போது உன்னைக் கட்டிவைக்க முயல்கிறார். கயிற்றை என்னிடம் தருகிறார். என் வாழ்நாளில் எவரோடும் பேசாத குரலில் அவரோடு பேசினேன். அம்மா அடுக்களையிலிருந்து வந்து எட்டிப் பார்த்தார்.

ஆயினும் அதன் பிறகும் படிவம் இரண்டு நாள் என் மேசை இழுப்பறையில் கிடந்தது. ஏன் என்று கேட்டால் என்னிடம் பதில் இருக்கிறது. அதை எழுதமாட்டேன்.

நேற்று யாப்பை எடுத்து வாசித்தேன். பதினொரு வருடத்துக்கு முன் நம் சாப்பாட்டு மேசையில் இருந்து அதை எழுதியவனே நான்தான். அப்போது நீ அந்த மேசையின் மறுபக்கத்தில் கணக்குச் செய்துகொண்டிருந்தாய். பதினோராம் பிரிவில் இரண்டு வாக்கியங்கள் இருக்கின்றன. முதலாவது, உறுப்பினர் வெளியேற வேண்டும் என்பது. இரண்டாவது: "வெளியேறுமுன், தாம் அறிந்த உண்மைகளைக் குழுவின்முன் வைக்கலாம்." சான்றிதழை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போயிருக்கலாம். அதற்கு அரை நிமிடம் போதும். யாரும் என்னை நோக்கி விரல் நீட்டிவிடக் கூடாது என்ற அவசரத்தில், நானே எழுதிய விதியின் பாதியை மறந்து எழுந்து போனேன். இளையோர் பொறுப்பாளர் அம்மையார் உனக்கு எதிராகக் கை உயர்த்தியவர். தோள் பற்றிய பேச்சை நம்பித்தான் அப்படிச் செய்ததாகப் புத்தாண்டுக்குப் பிறகு என்னிடம் சொன்னார். ஒரு வாக்குத்தான் வேண்டியிருந்தது.

உனக்குப் பதினாறு வயதில் ஒரு பந்து உன் கால்களுக்கிடையால் உருண்டு போனது. எல்லாரும் அதை எதிராளியின் நல்ல அடி என்றார்கள். நான் ஸ்கோர் புத்தகத்தில் உன் பெயரில் பிழை என்று எழுதினேன். இரண்டு நாள் நீ என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் விதிப் புத்தகத்தை எடுத்து வாசித்துவிட்டு வந்து, "சரி அப்பா, பிழைதான்" என்றாய். உனக்கு மூன்று நாள் எடுத்தது. எனக்கு இரண்டு மாதம் எடுத்தது. நானும் வாசித்துவிட்டேன். பிழைதான்.

படிவத்தில் இன்று காலை 7.40க்குக் கையொப்பமிட்டேன். அது இந்த உறைக்குள் இருக்கிறது. பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். வியாழக்கிழமைக் கூட்டத்தில், வேறு எவரும் சொல்லுமுன், நானே இதை அறிவிப்பேன். விமலநாதன் அண்ணை இருந்து வாக்களித்ததால் நவம்பர் வாக்கெடுப்பு செல்லாது என்ற தீர்மானத்தையும் முன்வைப்பேன். சான்றிதழ் என் பையிலேயே இருந்தது என்பதையும் அதே கூட்டத்தில் சொல்வேன். நீ திரும்பி வரவேண்டும் என்பதற்காக அல்ல. குறிப்பேட்டில் அது அப்படியே கிடக்கக் கூடாது.

மருத்துவரின் சான்றிதழையும் இதே உறைக்குள் வைத்திருக்கிறேன். அங்கே முதல் நாளிலேயே அதைப் பயிற்சியாளரிடம் கொடுத்துவிடு. யாராவது கேட்கட்டும் என்று காத்திராதே.

அம்மா கறித்தூள் அனுப்புகிறார். பொதி தனியாக வரும். இரவில் தோளைத் திறந்துபோட்டுக்கொண்டு படுக்காதே; பேர்லின் குளிர் இங்குள்ளதைவிடக் காய்ந்தது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அட்டவணை வந்ததும் உன் முதல் ஆட்டம் எந்தத் திகதியில் என்று சொல். அம்மாவிடம் சொன்னால் போதும். இருவரும் வருவோம். நான் வீரர்கள் அமரும் பக்கத்துக்கு வரமாட்டேன், மக்களோடு இருப்பேன். ஸ்கோர் புத்தகத்தை வீட்டில் வைத்துவிட்டு வருவேன்.

உன் கைக்கும் தோளுக்கும் ஒரு குறையும் வராமல் முருகன் காக்கட்டும்.

அப்பா