பதினாறாம் நாள் நான் கொட்டிய தண்ணீர்

என் இடுப்பிலேயே வளர்ந்த முரளிக்கு,

முதலில் நல்ல சேதியைச் சொல்லிவிடுகிறேன். உன் மீன்கள் இரண்டு உயிரோடு இருக்கின்றன. அந்தத் தலை வீங்கின ஆரஞ்சுக்காரனும், வாலில் மட்டும் கறுப்பு உள்ள வெள்ளைக்காரியும். ஒன்பதில் இரண்டுதானா என்று கேட்பாய். மற்ற ஏழும் போனதற்குக் காரணம் உன் அக்காதான். வேறு யாராவது அங்கே வந்து உன்னிடம் கோள் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

போன வாரம் உனக்கு வருஷத் திதி முடிந்தது. ஒரு வருஷம் ஓடிவிட்டது என்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கென்னவோ நீ மோட்டார் ரீவைண்டிங் கடையில் ஏதோ அவசர வேலை என்று தங்கிவிட்ட மாதிரிதான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் அடித்தால் இன்னும் கை ஓடுகிறது. "இன்னாக்கா, துன்னியா?" என்று நீ கேட்பாய் என்று.

உனக்கு என்னைத் தெரியும். எந்த வேலையையும் அரைகுறையாக விட்டால் எனக்குத் தூக்கம் வராது. பதினாறாம் நாள் காரியத்தன்று உன் திருப்பதி வீட்டை நான்தான் முன்னால் நின்று கழுவினேன். சாவு விழுந்த வீட்டில் பிடித்து வைத்த தண்ணீர் ஒரு சொட்டுக்கூட மிச்சம் இருக்கக் கூடாது. எல்லாவற்றையும் கொட்டிக் கவிழ்த்துவிட்டுப் புதுத் தண்ணீர் பிடிக்க வேண்டும். நைனா போனபோதும் அப்படித்தானே செய்தோம். குடத்தைக் கொட்டினேன், டிரம்மைக் கொட்டினேன், ஃப்ரிட்ஜில் இருந்த பாட்டிலைக்கூட விடவில்லை. அப்புறம் ஹாலில் உன் மூன்றடிக் கண்ணாடித் தொட்டி கண்ணில் பட்டது.

அதுவும் பிடித்து வைத்த தண்ணீர்தானே என்று நினைத்தேன் முரளி.

"அத ஏன் தொடறே? அவன் பாத்துப் பாத்து வெச்சது" என்றார் உன் மாமா. "தீட்டுத் தண்ணிய வூட்டுக்குள்ள வெச்சிக்கினு புண்ணியாதானம் பண்ணுவாங்களா? நீங்க சும்மா இருங்க" என்று அவர் வாயை அடைத்தேன். உன் பெண்டாட்டி சுமதி கதவோரம் சாய்ந்து நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

மீன்களை ஒரு அண்டாவுக்கு மாற்றிவிட்டு, தொட்டித் தண்ணீரை முழுக்க வாரிக் கொட்டினேன். கூழாங்கல்லைச் சோப்புத்தூள் போட்டுத் தேய்த்தேன். ஃபில்டருக்குள் இருந்த பஞ்சு காபித் தூள் நிறத்தில் இருந்தது. எத்தனை மாதத்து அழுக்கோ என்று உன்னைத் திட்டிக்கொண்டே அதைக் குழாயடியில் கசக்கி வெளுத்தேன். அன்றைக்கு நகராட்சித் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் வாடை தூக்கலாக இருந்தது. அதையே நிரப்பினேன். ஐயர் மாவிலையால் மஞ்சள் தண்ணீர் தெளித்துக்கொண்டு வந்தபோது, தொட்டிக்கும் ஒரு கை தெளிக்கச் சொன்னவளும் நான்தான். தொட்டி பளபளவென்று இருந்தது. எனக்குப் பெருமைகூட வந்தது என்று சொன்னால் நம்புவாயா?

மறுநாள் காலை நான்கு செத்து மிதந்தன. அதற்கு மறுநாள் மூன்று.

சுமதி ஒவ்வொன்றையும் செய்தித்தாளில் சுற்றி, மொட்டைமாடி மல்லிகைத் தொட்டியில் புதைத்தாள். அழவும் இல்லை, என்னைத் திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் தேவலை. பிறகு உன் போனைக் கொண்டுவந்து என் கையில் திணித்தாள். "மிச்சம் இருக்கறத நீங்களே எடுத்துக்கினு பூடுங்க அண்ணி. இந்தப் போனையும். அடிச்சிக்கினே இருக்குது, என்னால எடுக்க முடியல" என்றாள்.

இரண்டு மீன்களையும் பிளாஸ்டிக் பையில் போட்டு, மடியில் வைத்துக்கொண்டு புத்தூர் பஸ் ஏறினேன். உங்களுக்குப் பிள்ளை இல்லை. "மீனைப் போய்க் கொஞ்சிக்கினு இருக்கான்" என்று ஊரில் பேசினபோது நானும் சேர்ந்து சிரித்தவள். அந்தப் பை மடியில் ஆடும்போது அதெல்லாம் ஞாபகம் வந்தது. உன் வருஷத் திதிக்குள் இந்த இரண்டையும் உயிரோடு சுமதியிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று அப்போதே காணிப்பாக்கம் பிள்ளையாரிடம் சொல்லிவிட்டேன். அவள் என் முகத்தைப் பார்த்துப் பேச வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் உன் போன் அடித்தது. "முரளி சார் உன்னாரா? என் மீனு ஒரு பக்கமா சாய்ஞ்சி நீந்துது" என்றது தெலுங்கு கலந்து பேசின ஒரு பெண் குரல். அடுத்த நாள் இன்னொருவர். நீ ஊருக்கெல்லாம் மீன் வைத்தியம் பார்த்திருக்கிறாய். சொந்த அக்காவுக்குத் தெரியாது. "நான் அவன் அக்கா பேசறேன். அவன் இல்லீங்க, தவறிட்டான்" என்பேன். அவர்கள் போனை வைத்துவிட மாட்டார்கள். நீ அவர்களுக்கு எப்போதோ சொன்னதை எனக்குச் சொல்ல ஆரம்பிப்பார்கள். நான் என் மீனைப் பற்றிக் கேட்பேன். அப்படித்தான் முரளி, நீ சொல்லிக் கொடுத்ததை ஊர்க்காரர்கள் வாயால் நான் கற்றுக்கொண்டேன்.

சித்தூரிலிருந்து முனிரத்தினம் என்று ஒருவர் பேசினார். ரிட்டையர்டு பஸ் கண்டக்டர். அவரிடம்தான் முதல்முதலாகப் பதினாறாம் நாள் கதையை முழுக்கச் சொன்னேன். "அம்மா, அழுக்குன்னு கசக்கினீங்களே, அதுலதான் உசுரே இருந்துச்சு. மீனோட கழிவ கண்ணுக்குத் தெரியாத பூச்சிங்க துன்னு தண்ணிய சுத்தம் பண்ணுது. அதுங்க குடியிருக்கறதே அந்தப் பஞ்சுலதான்" என்றார்.

மறுநாள் மனிதர் கார்வேட்டிநகர் வழியாகப் பஸ் பிடித்துப் புத்தூருக்கே வந்துவிட்டார். கையில் ஒரு டிபன் பாக்ஸ். திறந்தால் தண்ணீரில் ஊறின, காபித் தூள் நிறப் பஞ்சுத் துண்டு. "ரெண்டு வருசத்துக்கு மின்ன நான் தொட்டி வெச்சப்போ முரளி சார் அவர் தொட்டிப் பஞ்சுல பாதி வெட்டிக் குடுத்தாரு. இப்ப அதுல பாதி வெட்டி எடுத்தாந்தேன். உங்க ஃபில்டர்ல சொருகுங்கமா. உங்க தம்பி குடுத்ததுதான்" என்றார்.

அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். உன் கை பட்டதாக அந்த வீட்டில் நான் விட்டுவைத்தது ஒன்றுமே இல்லையே. அவருக்குக் காபி கொடுக்கக்கூடத் தோன்றாமல் நின்று அழுதேன்.

இப்போது எனக்குத் தெரிந்ததை ஒப்பிக்கிறேன். தப்பிருந்தால் கனவிலாவது வந்து திருத்து.

தண்ணீரை ஒரேயடியாக மாற்றக் கூடாது. வாரத்துக்கு ஒரு தடவை கால் பங்கு எடுத்துவிட்டுக் கால் பங்கு ஊற்ற வேண்டும். ஊற்றுகிற தண்ணீரை முதல் நாளே வாயகன்ற வாளியில் பிடித்துத் திறந்து வைத்தால் பிளீச்சிங் வாடை போய்விடும். பஞ்சைக் குழாயில் காட்டக் கூடாது. தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே லேசாக இரண்டு பிழி பிழிந்தால் போதும். சோப்பு என்ற பேச்சே கூடாது. தொட்டி புதுசாக இருக்கும்போது முதல் ஒன்றரை மாதம் தினமும் கொஞ்சம் கொஞ்சம் தண்ணீர் மாற்றி, தீனியைப் பாதியாகக் குறைக்க வேண்டும். அந்தப் பூச்சிகள் பெருகுவதற்கு அவ்வளவு நாளாகுமாம்.

தீனி விஷயத்தில்தான் நான் ரொம்பத் தடுமாறினேன். யார் வந்தாலும் இன்னொரு கரண்டி சோறு வைக்காமல் விட்டதில்லையே நான். இந்தப் பாவிகள் கண்ணாடியில் வந்து முட்டி முட்டி வாயைப் பிளந்தால் மனசு கேட்குமா? நாலு வேளை போட்டேன். தண்ணீர் கலங்கி நாற்றம் எடுத்தது. "ரெண்டு நிமிசத்துல துன்னு முடிக்கிற அளவுதாங்கமா. பசியில செத்த மீன விட துன்னு செத்த மீன்தான் அதிகம்" என்று முனிரத்தினம் சத்தம் போட்டார். நீயும் என் வீட்டுச் சாப்பாட்டைப் பார்த்து அப்படித்தான் பயப்படுவாய்.

இரண்டும் தனியாக இருக்கிறதே என்று புத்தூர்க் கடையில் மூன்றாவதாக ஒன்று வாங்கி நேராகத் தொட்டியில் விட்டேன். நாலு நாளில் மூன்றின் உடம்பிலும் ரவை தூவின மாதிரி வெள்ளைப் புள்ளி. புது மீனை இரண்டு மூன்று வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சேர்க்க வேண்டும் என்று எல்லாம் முடிந்த பிறகு தெரிந்தது. கல்லுப்பும் மருந்தும் போட்டு உன் இரண்டைக் காப்பாற்றினேன். புதுசு போய்விட்டது. அதற்கும் அழுதேன், மாமா கேலி செய்தார்.

மே மாதம் ஒரு மத்தியானம் கரண்ட் போய் மூன்று மணி நேரம் வரவில்லை. புத்தூர் வெயில் உனக்குத் தெரியும். சூடான தண்ணீரில் காற்று நிற்காதாம். இரண்டும் மேலே வந்து வாயை வாயைத் திறந்தன. சொம்பால் தண்ணீரை மொண்டு ஒரு சாண் உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருந்தேன். தோள் இற்றுப்போகிற மாதிரி வலித்தது. "முரளி, முரளி" என்று வாய் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே இருந்ததை மாமா அப்புறம்தான் சொன்னார். மறுநாளே பேட்டரியில் ஓடுகிற காற்று பம்பு ஒன்று வாங்கி வைத்தோம்.

திதிக்கு இரண்டு நாள் முன்னால், மூடி போட்ட வாளியில் இரண்டையும் எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்குப் போனேன். ஃபில்டர் பஞ்சைத் தொட்டித் தண்ணீரோடு தனியாக ஒரு டப்பாவில் எடுத்துப் போனேன். மாடிப்படி ஏறி உள்ளே போனால், உன் தொட்டி துடைத்து வைத்திருந்தது. பக்கத்தில் இரண்டு வாளி தண்ணீர் திறந்தபடி இருந்தது. "நேத்தே புடிச்சி வெச்சேன். வாடை போயிருக்கும்" என்றாள் சுமதி.

"உனக்கு இதெல்லாம் தெரியுமா சுமதி?"

"எல்லாம் தெரியும் அண்ணி. அன்னிக்கே தெரியும்."

மீன் இருந்த வாளியில் புதுத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்துகொண்டே பேசினாள். என்னைப் பார்க்கவில்லை. "நீங்க தண்ணிய வாரிக் கொட்டறப்போ, ‘வேணாம் அண்ணி, செத்துடும்’னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பீங்க. நான் சொல்லல. போவட்டும்னு நின்னுக்கினு இருந்தேன். அவர் மேல அவ்ளோ கோவம். ஒரு வாரமா நெஞ்சு அடைக்குதுன்னு கடையில கூட வேல செய்யறவர்கிட்ட சொல்லியிருக்காரு. சாவு அன்னிக்குத்தான் அந்த ஆளு வந்து என்கிட்ட சொல்றாரு. எனக்குத் தெரியாது. காலைல எழுந்ததும் ஒவ்வொரு மீனுக்கும் மூச்சு எப்பிடி வாங்குதுன்னு நின்னு பாப்பாரு. மீனு மேல வந்து வாயத் தொறந்தா அப்பவே பாருங்க, நாளிக்கின்னு வுடாதீங்கன்னு போன்ல ஊருக்கெல்லாம் சொல்லிக்கினு இருப்பாரு. என்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே அண்ணி. மீனு செத்ததும் உங்க மூஞ்சியப் பாக்க முடியல. நானும்தான் கொன்னேன்."

ஒரு வருஷமாக அவள் பேசாமல் இருந்தது என்மேல் உள்ள கோபம் என்று நினைத்திருந்தேன். அவள் முதுகில் கை வைத்தேன்.

ஏன்டா சொல்லவில்லை? யாருக்குப் பயந்தாய்? ஆஸ்பத்திரிக்குப் போனால் அக்கா ஊரைக் கூட்டிவிடுவாள் என்றா? கூட்டியிருப்பேன்தான். அதற்கு என்ன இப்போது? அந்தக் கடைசி ஞாயிற்றுக்கிழமை போனில் என்னிடம் பத்து நிமிஷம் பேசினாயே, அப்போதும் வலித்துக்கொண்டிருந்ததா?

மீன்களைத் தொட்டியில் விட்டபின் சுமதி கையைத் துடைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள். "அண்ணி, மாடி ஏறி வந்ததுலேர்ந்து பாக்கறேன். இன்னாத்துக்கு உங்களுக்கு இப்டி மூச்சு வாங்குது?" என்றாள். "முட்டி வலி, மெதுவா ஏறினேன்" என்று சொல்லத்தான் வாய் வந்தது. நீயும் நானும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தானே. அப்புறம் உண்மையைச் சொன்னேன். மூன்று மாதமாக இப்படித்தான், மாமாவுக்குக்கூடத் தெரியாது என்று. நான் சொல்லி முடிப்பதற்குள் அவள் செருப்பை மாட்டிக்கொண்டு ஆட்டோவைக் கூப்பிடக் கீழே ஓடிவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் பார்த்ததில், இதயத்துக்குப் போகிற ரத்தக் குழாயில் அடைப்பு ஆரம்பித்திருக்கிறதாம். மாத்திரையிலேயே சமாளித்துவிடலாம், பயப்பட வேண்டாம் என்றார் டாக்டரம்மா. "நேரத்தோட வந்தீங்க" என்றார். அதைக் கேட்டதும் சுமதி ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். நீ போன அன்றைக்கு அழாத அழுகை. நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் தலையைப் பிடித்துக்கொண்டேன்.

உனக்கு ஒரு சத்தியம் செய்து கொடுக்கிறேன் முரளி. இனி எங்கே வலித்தாலும் அன்றைக்கே சுமதியிடம் சொல்வேன். அவளுக்கு எங்கே வலித்தாலும் என்னிடம் சொல்ல வைப்பேன். நீ எங்களிடம் சொல்லாமல் போனதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. நேரில் வா, திட்டித் தீர்த்துவிட்டுச் சோறு போடுகிறேன்.

உன்மேல் கோபமும் ஆசையும் தீராத,
உன் அக்கா கஸ்தூரி