முப்பத்திரண்டாம் மாடியில் நின்று உன்னைத் திட்டியது

வாயாடிக்கு,

இரண்டு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். நானும் உன் அம்மாவும் சுகம், நீயும் அப்படித்தான் என்று அம்மாவுக்கு வரும் ஃபோனை ஒட்டுக்கேட்டுத் தெரிந்துகொள்கிறேன். நான் பேசிவைத்த வேலையை உதறிவிட்டு நீ கண்காணாத ஊருக்குப் போனதை இன்னும் மன்னிக்கவில்லை, என்னைவிடப் பத்து வயது சின்னவனை எனக்கு மேலதிகாரியாக உட்காரவைத்தவர்களையும் மன்னிக்கவில்லை, அதெல்லாம் பிறகு. எங்கள் ஆபீஸ் இப்போது ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் முப்பத்திரண்டாம் மாடியில். தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி, அங்கிருந்து பார்த்தால் மேலதிகாரியின் கார்கூட எறும்புதான், அதில் எனக்கொரு திருப்தி. வெளியிலிருந்து பார்த்தால் வானம்தான் தெரியும், உள்ளே ஆள் இருப்பதே தெரியாது என்றார்கள், நம்பிவிட்டேன். ‘லீவில் வீட்டுக்கு வரலாமா, இந்த மாதத்துக்குள் சொல்லுங்கள் அப்பா’ என்று நீ எழுதிய கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, மற்றவர்கள் சாப்பிடப் போகும் நேரத்தில் கண்ணாடி முன்னால் நின்று தினமும் உனக்குப் பதில் சொல்வேன். விரலை ஆட்டி, மேஜையைத் தட்டி, ஓரிரு தடவை மூக்கை உறிஞ்சி.

வியாழக்கிழமை ஒரே மேகமூட்டம், உள்ளே எல்லா விளக்கும் எரிகிறது, கண்ணாடி முழுக்கச் சோப்பு நுரை. நான் பேச்சின் உச்சத்தில் இருக்கும்போது ஒரே இழுப்பில் நுரை விலகியது, வெளியே தொங்கும் தொட்டிலில் நின்று கண்ணாடி துடைக்கும் அம்மாள் என்னைப் பார்த்துத் தலையசைக்கிறார். டீ குடிக்க இறங்கியபோது லிஃப்ட் வாசலில் பிடித்துக்கொண்டார். “மப்பா இருந்தா உள்ள எல்லாம் பளிச்சுனு தெரியும் சார், ஒரு வாரமா பாக்குறேன். அந்த லெட்டருக்குப் பதில் போட்டீங்களா?” என்றார். விலாவாரியாகச் சொல்லிவிட்டேன் என்றேன்.

“கண்ணாடிகிட்டதான சார் சொன்னீங்க?”

எனக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. லிஃப்டில் சிரித்தேன், முன்பின் தெரியாதவர்களெல்லாம் கூடச் சிரித்தார்கள், காது அடைத்து, தலை கிறுகிறுத்து, என் மாடியைத் தாண்டி நாற்பதில் போய் இறங்கினேன்.

ஆகவே, வா. டிக்கெட்டை இன்றே எடு. உன் அறையில் அடுக்கியிருந்த என் புத்தகங்களை வெளியே எடுத்துவிட்டேன், அம்மா கேட்டதற்குக் கரையான் என்றேன். வந்ததும் சண்டை உண்டு, எல்லாம் மனப்பாடம். நோய்நொடி இல்லாமல், யாருக்கும் பணியாமல், எனக்கு மட்டும் கொஞ்சம் பணிந்து, நன்றாக இரு. வரும் தேதியை மறக்காமல் எனக்கே எழுது.

இந்த இடத்தில் ‘அன்புள்ள அப்பா’ என்று போட வேண்டும். போட ரோஷம் விடவில்லை, வெறும் ‘அப்பா’ என்று நிறுத்த மனசு வரவில்லை. தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது, கையெழுத்தில்லாமலே போடுகிறேன்.