ஏரிக்கரைப் பாறையில் உன் அப்பா

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சௌக்கியம் என்று ஆரம்பிக்கத்தான் ஆசை. உன் அப்பா விட்டால்தானே? மனிதர் கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டு உயிரை வாங்குகிறார். விசிறியைக் கூட்டினால் எரிகிறது, குறைத்தால் புழுங்குகிறது. ரெகுலேட்டரைத் திருகித் திருகியே என் கை ஓய்ந்துவிட்டது. போனில் சொல்லலாமே, எதற்குக் கடிதம் என்பாய். நான் போனை எடுத்தாலே அவருக்குக் காது நீண்டுவிடுகிறது. நான் வேலை பார்க்கும் தையல் கம்பெனிக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள். அதனால்தான் அங்கே சாப்பாட்டு இடைவேளையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நாங்கள் எல்லாருமாக ஏரிக்கரைக்குப் போனோம் அல்லவா? அங்கே உன் அப்பா வெயிலில் வெந்துவிட்டார். வெந்துவிட்டார் என்றுதான் எழுத வேண்டும், வேறு வார்த்தை கிடைக்கவில்லை. வழுக்கை, கழுத்து, தோள்பட்டை எல்லாம் கன்றிப்போய்க் கொப்புளம். பனியனைக் கழற்றினால் உள்ளே இன்னொரு பனியன் போட்டிருக்கிற மாதிரி இருக்கிறது.

காலையிலேயே தலைபாடாக அடித்துக்கொண்டேன், தொப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்று. தொப்பி வேலைக்குப் போகும்போது போடுவதாம், லீவு நாளில் அதைப் போட்டால் பெயின்ட் அடிக்க வந்தவன் என்று நினைப்பார்களாம். பெயின்ட் அடிக்கிறவர்தானே ஐயா நீங்கள் என்றேன். "முப்பது வருஷமா சாரத்துல நிக்கிறேன், என்னை வெயில் என்னடி பண்ணிடும்?" என்று வீறாப்பு. முப்பது வருஷமும் முழுக்கைச் சட்டையும் தலையில் தொப்பியும் கழுத்தில் துண்டுமாக நின்றது ஐயாவுக்கு மறந்துபோயிற்று. அதையெல்லாம் கழற்றிப் போட்டுவிட்டு, ஏரியில் ஒரு முழுக்குப் போட்டு, வெறும் பனியனோடு பாறை உச்சியில் போய் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை.

அங்கே எதற்குப் போனார் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கோபப்படாமல் படி.

மத்தியானம் நீ கூப்பிடுவாய், அப்பாவிடமும் பேசுவாய் என்று நான் முந்தின நாளே சொல்லியிருந்தேன். "கூப்பிட்டா கூப்பிடட்டும், எனக்கென்ன" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஏரிக்கரைக்குப் போனதும் மணி பார்க்க வேண்டும் என்று என் போனைக் கேட்டார். கையில் வாட்ச் கட்டியிருக்கிறார்! நானும் ஒரு மக்கு, என்னமோ என்று கொடுத்துவிட்டேன். கீழே மரத்தடியில் சிக்னல் கிடைக்காது, அந்தப் பாறை மேல் மட்டும்தான் கிடைக்கும் என்று அவர் யாரிடமோ விசாரித்து வைத்திருந்தது எனக்கு எங்கே தெரியும்?

சாப்பிடக் கூப்பிட்டோம். கையை ஆட்டிப் போகச் சொன்னார். உன் அக்கா மேலே ஏறிப் போய்க் குடையை நீட்டினாள், நல்ல காற்று வருகிறது, தொந்தரவு பண்ணாதே என்று விரட்டிவிட்டார். கடைசியில் நானே மூச்சிரைக்க ஏறினேன். போனை உள்ளங்கையில் ஏந்தியபடி அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். எதையாவது தொட்டு, நீ கூப்பிடுவது கட்டாகிவிடப் போகிறது என்று பயந்து விரல்கூடப் படாமல் வைத்திருக்கிறார். நான் வாங்கிப் பார்த்தால், இஸ்திரிப் பெட்டி மாதிரிக் கொதிக்கிறது. அந்தச் சூட்டில் அது எப்போதோ அணைந்துபோயிருக்கிறது. அணைந்த போனை வைத்துக்கொண்டு வெயிலில் காய்ந்திருக்கிறார், உன்னைப் பெற்ற புண்ணியவான். எனக்கு வாயில் நன்றாக வந்தது. திட்டத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவர், "அவன் கூப்பிடலயே" என்றார்.

சாயங்காலம் வீட்டில் போன் உயிர் பெற்றதும் வந்த மெசேஜில்தான் நீ மூன்று தடவை கூப்பிட்டிருந்தது தெரிந்தது. போய்ச் சொன்னேன். ம் என்றார். அவ்வளவுதான். கொஞ்ச நேரம் கழித்துத் தண்ணீர் கேட்கிற சாக்கில், "மூணு தடவையா?" என்று கேட்டார்.

அன்று ராத்திரி நீ திரும்பக் கூப்பிட்டபோதே உன்னிடம் இதைச் சொல்லியிருக்க வேண்டும். அவர் பக்கத்திலேயே படுத்திருந்தார், போன் கெட்டுப்போச்சு என்று மட்டும் சொல்லி மழுப்பினேன். நீ உடனே, அவருக்கு இஷ்டமில்லை என்றால் நேராகச் சொல்லேன், எதற்குப் போன் மேல் பழி போடுகிறாய், இனிமேல் அவரிடம் பேசு என்று என்னைக் கேட்காதே என்று பொரிந்து தள்ளிவிட்டு வைத்துவிட்டாய். கோபம் வந்தால் அச்சு அசல் அவரேதான் நீ. உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நான் என்ன தபால்காரியா?

நீ ஊரைவிட்டுக் கிளம்பிய அன்று அவர் வழியனுப்ப வராமல் வேலைக்குப் போனது தப்புதான். உன்னோடு சேர்ந்து பெயின்ட் தொழில் பண்ணலாம் என்று ஆசை ஆசையாக இருந்த மனிதர், உன் பெட்டியைப் பார்க்க மாட்டாமல் ஓடிப்போனார். அந்தக் கதையை இனிமேல் நீயும் இழுக்காதே.

டாக்டரம்மாவிடமும் அவர் உண்மையைச் சொல்லவில்லை. பெயின்டில் கலக்கிற தின்னர் கொட்டிவிட்டதாம்! பனியனுக்கு வெளியே மட்டும் பார்த்துக் கொட்டுகிற தின்னர் எந்தக் கடையில் கிடைக்கிறது என்று அந்த அம்மா சிரிக்காமல் கேட்டார். களிம்பு கொடுத்திருக்கிறார், நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார், பயப்பட ஒன்றுமில்லை. இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் தோல் உரிந்து புதுசாக வந்திருக்கும். நீ பதறாதே.

நீ செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. என் போனுக்குக் கூப்பிடாதே, அவர் போனுக்குக் கூப்பிடு. யாரு என்று கேட்பார். தெரிந்துகொண்டேதான் கேட்பார், நீ ரோஷப்பட்டு வைத்துவிடாதே. அப்புறம், "இரு, அம்மாகிட்ட குடுக்கறேன்" என்பார். கடிதம் என்றைக்கு வந்து சேருமோ தெரியாது, அதனால் இனி ஞாயிற்றுக்கிழமைதோறும் காலையில் நான் உன் அக்கா வீட்டுக்குப் போய்விடுவேன். வீட்டில் அவர் ஒருத்தர்தான் இருப்பார். போனைக் கொடுக்க ஆள் இருக்காது. அவரேதான் பேசியாக வேண்டும்.

வேளைக்குச் சாப்பிடு, நன்றாக இரு, கண்ணா.

உன் அம்மா