கல் கட்டிய காய்

வெள்ளி, செப்டம்பர் 12
காலையிலேயே குளிர். சுவெற்றர் எடுத்தாயிற்று. பேத்தி அபி, பல்கலைக்கழகத்தில் சரித்திரம், வகுப்பில் முதலாம் ஆள். பேரன் இதே கனடாவில், ஒஷாவாவில் எஞ்சினியர். சின்னப் பேத்தி நீச்சலில் மெடல். இதையெல்லாம் முதலில் எழுதினால்தான் மற்றதை எழுத மனம் வரும். கட்டிடத்துக்குப் பின்னால் பொதுத் தோட்டம், அதில் என் பாத்தி. விதைக்கென்று பந்தலில் விட்ட ஒரே புடலங்காயைக் காணவில்லை. கத்தியால் வெட்டிய காம்புதான் மிச்சம். நேராக வளர நுனியில் சிவப்புச் சீலைத் துண்டால் கல் கட்டியிருந்தேன். கல்லோடு போய்விட்டது. கறிக்காய் என்றால் பசி என்று விடலாம். இது விதைக்காய். வேறு விதை என்னிடம் இல்லை.

சனி
மழை. முழங்கால் நோவு. அபி வந்தாள். காய் களவு போனதைச் சொன்னேன். அந்தக் கால இங்கிலாந்தில் தோட்டக் களவு பற்றித்தான் கட்டுரை எழுதுகிறாளாம்.
“களவெடுத்தவன் மட்டுமில்லை அம்மம்மா, தெரிஞ்சுகொண்டு வாங்கினவனையும் கோர்ட்டுக்கு இழுத்தவை.”
“நல்ல வேலை.”
“ஆனா இது என்ர கிழங்குதான் எண்டு புரூவ் பண்ணுறது கஷ்டம்.”
“கல்லுக் கட்டத் தெரியாத சனம்.”

திங்கள்
வெயில். ஏழாம் மாடி ராணியிடம் இரவல் வாங்கிய இடியப்பத் தட்டுகளைக் கொடுக்கப் போனேன். பல்கனியில் என் காய் தொங்குகிறது. பழுத்து மஞ்சள். சிவப்புத் துண்டும் அப்படியே.
“உது எங்கால வந்தது, ராணி?”
“லிஃப்டுக்குள்ள ஒருத்தன் வித்தவன் அக்கா. நான் காசு குடுத்து வாங்கினனான்.”
“கல்லையும் சேத்தோ வித்தவன்?”
“ஆரின்ர காய் எண்டு நான் கேக்கேல்லை.”
“கேட்டா என்ர பேர் வந்திருக்கும். அதுதான் கேக்கேல்லை.”
கதிரையை இழுத்து ஏறி நானே அவிழ்த்தேன். முழங்கால் நோவு எங்கே போனதோ.
“ரெண்டு விதையாவது தாங்கோ அக்கா.”
“முதலே வாய் திறந்து கேட்டிருந்தால் கை நிறையத் தந்திருப்பன். இப்ப வித்தவனிட்டைப் போய்க் கேள்.”
காயைத் தோளில் போட்டுக்கொண்டு லிஃப்டில் இறங்கினேன். எல்லாரும் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

செவ்வாய்
அரிசிமா முடிந்தது, வாங்க வேணும். கட்டிடத்து வாட்ஸ்அப்பில் ராணி எழுதியிருக்கிறாள்: “சிலபேர் வீட்டுக்குள்ள வந்து சாமான் எடுத்துக்கொண்டு போகினம்.” பேர் போடவில்லை. நான் படித்தது ஐந்தாம் வகுப்பு என்றாலும் வாசிக்கத் தெரியும். அபிக்குச் சொல்ல: வாட்ஸ்அப்பில் என் பேருக்குப் பக்கத்தில் கிடக்கிற படம் பழசு, கண் மூடியிருக்கிறது. புதிசு ஒன்று எடுத்துப் போடவேணும். காயோடு. கல்லும் சிவப்புத் துண்டும் தெரிய.